விருப்ப ஓய்வுக் கடிதம் கைக்கு வந்தபோது

நான் வேலை செய்வது பல கிளைகள் கொண்ட சில்லறை விற்பனை நிறுவனம். மறுசீரமைப்பு என்ற பேச்சு எழுந்தபோது, கொள்முதல் பிரிவுகளை ஒன்றாக்குவார்கள், அத்துடன் முடிந்தது என்றுதான் கடையில் இருந்தவர்கள் நினைத்தோம். பிறகு வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் வந்தன. கவுண்டர்கள் குறைந்தன. மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் விருப்ப ஓய்வுக் கடிதம் வந்தது.

முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் மொத்தத் தொகை. பெரிய தொகைதான். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர், சரக்கு அறையில் அட்டைப்பெட்டி மேல் காகிதத்தை வைத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். பணிக்கொடையும் எடுக்காத விடுப்புக்கான பணமும் நாங்கள் எப்போது விலகினாலும் தரவேண்டியவை. அவற்றைக் கழித்தால் புதிதாகக் கிடைப்பது பாதிகூட இல்லை. அந்தப் பாதியையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிட்டிருந்தார்கள். படிகள் எதுவும் சேரவில்லை. கடைசிப் பக்கத்தில், இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்ற உறுதிமொழி.

"கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் போதிய பேர் முன்வராவிட்டால் அடுத்த சுற்றில் இந்தத் தொகை இருக்காது" என்றார் மேலாளர். இதற்குப் பெயர் விருப்பமா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

முதலில் கையெழுத்திட்டவர்கள் வேறிடத்தில் எளிதாக வேலை கிடைக்கக்கூடியவர்கள். எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று கணினியைப் பார்க்காமலே சொல்லக்கூடிய ஒருவரும் அவர்களோடு போய்விட்டார். நான் போகவில்லை. இப்போது இரண்டு பிரிவுகளை ஒருவனாகப் பார்க்கிறேன், அதே சம்பளத்துக்கு.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் எனக்கு இப்படியொரு கடிதம் வந்தபோது நான் கையெழுத்திட்டேன், காரணத்தோடுதான். அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடை நிறுவனம் 2018-இல் தன் கடைகளை மூடியபோது 30,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். பணிநீக்க இழப்பீடு கிடைக்கவில்லை. ஊழியர்கள் போராடிய பிறகே, அதன் உரிமையாளர்களாக இருந்த பெயின், கேகேஆர் என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் 2 கோடி டாலர் உதவி நிதி ஒதுக்கின. எங்கள் நிறுவனத்தின் கடன் சுமை எனக்குத் தெரியும். திவால் வரை காத்திருக்க நான் தயாராக இல்லை.

ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நின்றேன். அவர்கள் நீட்டிய படிவத்தில் 'ராஜினாமா' என்று இருந்தது. மறுசீரமைப்பால் பதவி நீக்கப்பட்டது என்று எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்றேன். ராஜினாமா என்று இருந்தால், வேலையிழப்புக் காப்பீடோ கடன் காப்பீடோ வைத்திருப்பவருக்கு அது கைகொடுக்காமல் போகலாம். மனிதவளத் துறை இழுத்தடித்தது, கடைசியில் மாற்றித் தந்தது. மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எனக்கு ஒரு மாதம் குறைந்தே வந்தது.