மறு: குரோத் பிளேட் – வளர்ச்சித் தட்டா, வளர்குருத்தா?

வணக்கம். குழந்தைகளின் எலும்பு நீள்கிற இடமான ‘குரோத் பிளேட்’டுக்கு ‘வளர்குருத்து’ என்று எழுதலாம் என்று சொல்லியிருந்தேன், அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘வளர்ச்சித் தட்டு’ என்றே பல இடங்களில் எழுதியாகிவிட்டது, புரியவும் செய்கிறது. எதற்கு இன்னொரு சொல்?

புரிகிறது, சரி, யாருக்கு? நாம் அதை மனசுக்குள் குரோத் பிளேட் என்று திருப்பிப் போட்டுப் படிக்கிறோம், அதனால் புரிகிறது. போன மாதம் பெரம்பூர் பக்கம் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் உட்கார்ந்து, வைட்டமின் டி பற்றிப் பெற்றோருக்குக் கொடுக்கும் துண்டறிக்கைக்குத் தமிழ் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வயதுப் பையனோடு ஓர் அம்மா வந்திருந்தார். பையனுக்கு மணிக்கட்டு புடைத்திருந்தது, கால் லேசாக வில் மாதிரி வளைந்திருந்தது. நான் எழுதியிருந்த வரியை அவரிடமே படித்துக் காட்டினேன்: “வளர்ச்சித் தட்டு அகலமாகிவிடும்.” அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் தேடிவிட்டு, “தட்டு எங்க வெச்சிருக்காங்க சார்? புள்ளைக்கு ஆபரேஷனே பண்ணலையே” என்றார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்த யாரைக் கேட்டாலும் “உள்ள பிளேட் வெச்சிருக்காங்க” என்கிற ஊர் இது. போதாததற்கு, எக்ஸ்ரேயில் அந்த இடம் வெறும் கறுப்பு இடைவெளியாகத்தான் விழும், தட்டும் தெரியாது ஒன்றும் தெரியாது.

அதனால்தான் ‘வளர்குருத்து’ என்றேன். குருத்தெலும்பு பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற சொல். நீண்ட எலும்பின் முனைக்குச் சற்று உள்ளே இருக்கும் குருத்தெலும்புப் படலம்தானே இது, அங்கேதான் எலும்பு நீள்கிறது. மருத்துவர்கள் இதையே ‘ஃபைசிஸ்’ என்றும் சொல்வார்கள், கிரேக்கத்தில் அதற்கு வளர்தல், இயற்கை என்றுதான் பொருள். தட்டு அந்தப் பெயரில் கிடையாது. நாம் மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

> குருத்து என்றால் உச்சியில் வருவது. எலும்பு உச்சியில் வளர்வதில்லையே?

நல்ல கேள்வி, ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வாழையைப் பாருங்கள். குருத்து மேலே வந்து சுருள் விரிகிறதே தவிர, இலை உருவாகும் இடம் அடியில், கிழங்கில். உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. எலும்பிலும் ஏறக்குறைய அதே கதை: உள்ளே செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி முனையைத் தள்ளிக்கொண்டே போகும், பின்னால் இருக்கிற செல்கள் பருத்து, செத்து, அந்த இடத்தில் சுண்ணமேறி, அதாவது கால்சியம் உப்பு படிந்து, எலும்பாகும்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் ரிக்கெட்ஸை, அதாவது பிள்ளைகளுக்கு எலும்பு மெலிவாகி வளைகிற நோயை, விளக்குவதும் சுலபம். வைட்டமின் டி போதாவிட்டால் குடல் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சரியாக உறிஞ்சாது. பாஸ்பேட் குறைந்தால் பருத்த செல்கள் சாகாமல் குவிந்துகொண்டே போகும், சுண்ணமும் ஏறாது. அதாவது ‘சுண்ணமேறாத குருத்து’. மணிக்கட்டு புடைப்பதும், நெஞ்சின் இரு பக்கமும் விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடங்களில் மணி மணியாகக் கையில் தட்டுப்படுவதும் இதனால்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முனை கிண்ணம் மாதிரி குழிந்து, ஓரம் பிசிறு பிசிறாகத் தெரியும்.

அப்புறம் ‘குளோஷர்’. “தட்டு மூடியது” என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், சாப்பாட்டை மூடி வைத்த மாதிரி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 14-15, ஆண் பிள்ளைகளுக்கு 16-17 வயது வாக்கில் குருத்து முழுக்க எலும்பாகி, உயரம் அதோடு நின்றுவிடும். “குருத்து முற்றிவிட்டது” என்றால் போதாதா? வெண்டைக்காய் வாங்குகிற யாருக்கும் முற்றுதல் தெரியும்.

ரிக்கெட்ஸுக்கு ‘எலும்புருக்கி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டவே வேண்டாம், அது காசநோய்க்கு மக்கள் வைத்த பெயர், வீட்டில் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள். ரிக்கெட்ஸ் ரிக்கெட்ஸாகவே இருக்கட்டும்.

துண்டறிக்கையில் இன்னொரு சொல்லும் உறுத்துகிறது: ‘இளவெயில்’. காலை ஆறரைக்குக் குழந்தையை மொட்டைமாடியில் காட்டினால் போதும் என்று எல்லாரும் எழுதிவிடுகிறோம். தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதா பி கதிர், நிழல் நம் உயரத்தைவிட நீளமாக விழுகிற நேரத்தில் அது மிகக் குறைவு. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலிலோ அநேகமாகக் கிடையாது. சென்னையில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்டுக்கொண்டே அடுக்குமாடிக்குள் பிள்ளைகளை வளர்க்கிறோம். இதற்கு அழகான சொல் என்னிடம் இல்லை, ‘நிழல் குட்டையாக விழும் நேரம்’ என்று நீட்டித்தான் எழுதியிருக்கிறேன். கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு, அதனால் தினம் 400 ஐ.யு. (சர்வதேச அலகு) சொட்டு மருந்து என்று தனியாகப் போட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு வரி இப்படி நிற்கிறது: “எலும்பு நீள்வது வளர்குருத்தில். வைட்டமின் டி குறைந்தால் அந்தக் குருத்தில் சுண்ணம் ஏறாது, எலும்பு வளையும்.” வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சுண்ணம்’ என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பு ஞாபகம் வருமோ என்று மட்டும் ஒரு சந்தேகம். வேறு சொல் இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.