மரபுத்தொடரைப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். 'அவன் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டான்' என்று ஒரு கதையில் படித்த என் மகள், "எந்தக் கம்பியை, யாரிடம் நீட்டினான்?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கே விளக்கத் தெரியவில்லை என்று உறைத்தது.

சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காமல், வழக்கத்தால் மட்டும் வரும் பொருள் மரபுத்தொடருக்கு உரியது. அதுவரை சரி. பிரித்துக் காட்ட நானாக ஒரு சோதனை வைத்தேன். 'சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான்' நேர்ப்பொருள். 'நண்பனைக் கைகழுவினான்' என்பதில் சோப்புக்கு இடமே இல்லை. தவிர, கழுவியது கையைத்தான் என்றால் நடுவில் 'நண்பனை' எங்கிருந்து வந்தது? அந்த 'ஐ' உருபே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'காது குத்தாதே' என்பதைச் 'செவி குத்தாதே' என்று மாற்றினால் 'ஏமாற்றாதே' என்ற பொருளே போய்விடும். இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது.

'தலைகுனிந்தான்' வந்ததும் மாட்டிக்கொண்டேன். வெட்கப்பட்டவன் உண்மையிலேயே தலையைக் குனிந்தும் இருப்பானே! இரண்டு பொருளும் சேர்ந்து நிற்கும்போது அதை மரபுத்தொடர் என்று சொல்லலாமா?

இன்னொன்று. 'கிணற்றுத் தவளை போல' என்றால் உவமை. 'அவன் ஒரு கிணற்றுத் தவளை' என்றால் அதை எதில் சேர்ப்பது? பழமொழியில் எனக்குக் குழப்பமில்லை, அது தனியாகவே ஒரு கருத்தைச் சொல்லிவிடும்.

தமிழாசிரியர்கள் யாராவது இருந்தால், வகுப்பில் நீங்கள் சொல்லும் எடுத்துக்காட்டுகளோடு விளக்குங்களேன். இலக்கண விதி மட்டும் சொன்னால் அவள் ஓடிவிடுவாள்.