பொருள்: 'இரட்டை ஆபத்து' வேண்டாமே

ஐயா, வணக்கம்.

ஒரே குற்றத்துக்கு ஒருவர்மீது மறுபடி வழக்குத் தொடுக்கக் கூடாது என்பதுதான் டபுள் ஜெபர்டி விதி. அதற்கு நீங்கள் தந்த 'இரட்டை ஆபத்து' எனக்கு ஒப்பவில்லை. படிப்பவருக்கு அடுத்தடுத்து இரண்டு விபத்து என்றுதான் தோன்றும். 'இரட்டைத் தண்டனை'யும் முழுதாகப் பொருந்தாது. நம் அரசமைப்பின் 20(2) தண்டிக்கப்பட்டவரைப் பற்றியே பேசுவதால் இங்கே அது செல்லுபடியாகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விடுதலையானவருக்கும் அந்தக் காப்பு உண்டு. ஆகவே 'மீள்வழக்குத் தடை' என்கிறேன்.

வண்டி ஓட்டிய வழக்குகளில்தான் இதன் எல்லை தெரியும். 1987 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தில், ஒருவர் குடித்துவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிக் காரை விட்டார். எதிரே வந்த காரில் இருந்த பெண் இறந்துபோனார். போலீஸ் ஓட்டியவரிடம் நீட்டியது இரண்டு போக்குவரத்துச் சீட்டுகள். ஊர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உயிர் போனதை நீதிபதிக்கு யாருமே சொல்லவில்லை. 350 டாலர் அபராதம், 10 டாலர் கூடுதல் கட்டணம், 6 மாதம் உரிமம் ரத்து. மரணத்துக்கான குற்றச்சாட்டு அப்புறம்தான் வந்தது. 1990இல் கிரேடி எதிர் கார்பின் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதைத் தடுத்தது. 1993இல் டிக்சன் வழக்கில் அந்தத் தீர்ப்பையே கைவிட்டது. இறந்தவரின் குடும்பத்தை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஆனால் கோட்டைவிட்டது அரசுத் தரப்பு.

இங்கிலாந்தில் 1964 கானலி தீர்ப்பின்படி இந்தத் தடை அதே குற்றத்துக்கு மட்டும்தான். குடித்துவிட்டு ஓட்டியது ஒரு குற்றம், அபாயகரமாக ஓட்டியது வேறு, தடை கைகொடுக்காது. அப்யூஸ் ஆஃப் பிராசஸ், அதாவது வழக்கு நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்ற வாதம், வருவது அங்கேதான். ஒரே நிகழ்வுக்கு மறுபடி வழக்குப் போடுவது நியாயமில்லை என்று கண்டால் நீதிமன்றம் வழக்கை நிறுத்திவிடலாம். 2005இல் பிப்ஸ் வழக்கில், முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்மீது பிறகு இரண்டாவதையும் தொடுத்தார்கள்; மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. டபுள் ஜெபர்டிக்கும் அப்யூஸ் ஆஃப் பிராசஸுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வித்தியாசமே தொலைந்துவிடும்.

அப்யூஸ் ஆஃப் பிராசஸுக்கு 'முறைகேடு' சரிவராது. யாரோ காசு வாங்கியதுபோல ஒலிக்கிறது. கெட்ட எண்ணமே இல்லாத அரசு வழக்கறிஞரும் இதில் சறுக்கலாம். 'வழக்குநெறிப் பிறழ்வு' எப்படி? 'பிறழ்சாட்சி' ஏற்கெனவே நீதிமன்றச் செய்திகளில் ஊறிய சொல்தானே.

'தடை' என்றதும் நாளிதழ் வாசகருக்கு 'இடைக்காலத் தடை' நினைவுக்கு வருமோ என்பது மட்டும் உறுத்துகிறது. 'மீள்வழக்கு விலக்கு' என்றால் தெளிவாக இருக்குமா? வழக்காடும் நண்பர்கள் சொல்லுங்கள்.