காரிடாரில் மயில்கழுத்து நீலம்

*குழு: நம்ம குடும்பம்*

*செல்வி அத்தை (காலை 7:12):* எல்லாரும் பசியாறியாச்சா? காரிடார்ல தொங்குற பூந்தொட்டியில ஏதோ குப்பை சேர்ந்திருக்கு. காஞ்ச இலை, பஞ்சு, சிலந்தி நூல், எல்லாம் பை மாதிரி தொங்குது. பெருக்கித் தள்ளப் போறேன். படம் பாருங்க.

*பெரியப்பா:* செல்வி, கை வைக்காதம்மா! தேன்சிட்டுக் கூடு அது. பக்கத்துல ஓட்டை, அதுக்கு மேல சின்னதா தாழ்வாரம் தெரியுது பார்.

*செல்வி அத்தை:* ஐயோ, விளக்குமாறு கையில இருக்குண்ணே. நல்லவேளை கேட்டேன்.

*அரவிந்த்:* நேத்து வந்தப்ப ரெண்டு குருவி பார்த்தேன் அத்தை. ஒண்ணுக்குக் கழுத்து கன்னங்கரேல்னு இருந்துச்சு.

*செல்வி அத்தை:* கருப்பா? நல்ல மயில்கழுத்து நீலம்டா! என் பட்டுப்புடவை நிறம்.

*பெரியப்பா:* ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அந்த இறகுல நீலச் சாயமே கிடையாது. உள்ள இருக்கிறது மெலனின், நம்ம முடிக்குக் கருப்பு கொடுக்கிற அதே பொருள். அது ரொம்ப நுணுக்கமா அடுக்கி இருக்கிறதால, வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் பளிச்சுனு வரும். நிழல்ல பார்த்தா கருப்பு. மயிலுக்கும் இதே கதைதான்.

*பாட்டி (குரல் பதிவு):* பெரியவனே, உங்கப்பா தைப்பூசத்துக்கு மயில் காவடி எடுத்தாரே, இங்க சிங்கப்பூர்ல பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும். அந்தப் பீலி இன்னும் என் அலமாரியில இருக்குப்பா. புடவையெல்லாம் வெளுத்துப் போச்சு, அது மட்டும் அப்படியே இருக்கு.

*பெரியப்பா:* அதேதாம்மா காரணம்! சாயம்னா வெளுக்கும். இது அடுக்கு. அடுக்கு கலையாத வரைக்கும் நிறம் போகாது. மயிலுக்குத் தோகை வருஷா வருஷம் உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

*அரவிந்த்:* பாட்டி, அடுத்த தடவை வரும்போது எனக்குக் காட்டுங்க. நான் தாத்தாவைப் பார்த்ததே இல்லையே.

*பாட்டி (குரல் பதிவு):* வாடா கண்ணு. உனக்குத்தான் வச்சிருக்கேன்.

*செல்வி அத்தை:* அண்ணே, நீலக் கழுத்துக்காரன் ஒரே ஆட்டம். றெக்கையை உதறி உதறிக் கத்துறான். நெஞ்சு ஓரத்துல ஆரஞ்சுக் குஞ்சம் மாதிரி ஏதோ வெளிய வருது.

*பெரியப்பா:* பார்த்துட்டியா! அதைக் காட்டத்தான் அவ்வளவு ஆட்டம். சாதாரணமா மடிச்சு ஒளிச்சு வச்சிருக்கும். ஜோடி சேரலாமான்னு முடிவு பண்றது பொண்ணுதான். மஞ்சள் வயிறு, மங்கல் பச்சை முதுகு, அலங்காரமே இல்லாம இருக்குமே, அதான். கூடு கட்டுறதும் அடைகாக்கிறதும் அதுதான். பளபளன்னு இருந்தா காக்கா கண்டுபிடிச்சிடும்ல. குஞ்சு பொரிச்சதும் ரெண்டும் சேர்ந்து ஊட்டும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீங்க. தொட்டியை நகர்த்தவும் வேண்டாம்.

*செல்வி அத்தை:* தண்ணி ஊத்தலாமா?

*பெரியப்பா:* ஓரமா, மெதுவா. அது வெளிய போயிருக்கிற நேரம் பார்த்து.

*செல்வி அத்தை (மாலை 6:40):* பொண்ணு குருவி இப்பதான் வெள்ளைப் பஞ்சு ஒரு துணுக்கு கொண்டுவந்து உள்ள திணிச்சுது. துணி காயப்போடுற மூங்கிலை அந்தப் பக்கம் மாத்திட்டேன். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்கிட்டயும் சொல்லிட்டேன்.