லண்டன் – டோக்கியோ: கணக்குப் போட்டால் 11 மணி நேரம்கூட வரவில்லை, டிக்கெட்டில் ஏன் 14?

கேள்வி:
அப்பாவை லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானத்தில் அனுப்ப வேண்டும். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அவருக்குக் கால் வீங்கிவிடும், அதனால் நேரத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட் போடப் பார்க்கிறேன். தூரம் சுமார் 9,600 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 10 மணி 40 நிமிடம்தான். ஆனால் டிக்கெட்டில் போக 13 மணி 45 நிமிடம், திரும்ப 14½ மணி. நடுவில் எங்காவது இறங்குகிறதா, இல்லை நேர வித்தியாசத்தையும் சேர்த்துவிட்டார்களா?

வழிப்போக்கன்:
இறங்காது, டிக்கெட்டில் இருப்பதுதான் சரி. அந்த 9,600 கி.மீ. உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய வழி. அது ஸ்காண்டிநேவியா தாண்டி சைபீரியாவுக்கு மேலே போகிறது. 2022 பிப்ரவரி கடைசியில் பிரிட்டன் விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது, ஜப்பான் விமானங்களும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டன. அதற்கு முன்னால் இதே பயணம் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இப்போது கிழக்கே போகும் விமானம் துருக்கி, கஜகஸ்தான், சீனா பக்கமாகச் சுற்றுகிறது. திரும்பும்போது அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாக வருவதும் உண்டு, ஏனென்றால் மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் காற்றை எதிர்த்து வருவதைவிட அந்தச் சுற்றே மேல். இதற்கு மேல் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து அரைமணிக்குக் குறையாமல் கூடும்.

நீலவானம்:
நேர வித்தியாசத்தை நீங்களே சரிபார்க்கலாம். குளிர்காலத்தில் டோக்கியோ 9 மணி நேரம் முன்னால். லண்டனில் காலை 10-க்கு ஏறி மறுநாள் காலை 7:45-க்கு... இல்லை, 8:45-க்கு இறங்கினால் கடிகாரப்படி 22 மணி 45 நிமிடம், அதில் 9 கழித்தால் உங்கள் 13:45. மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை 8 மட்டும் கழியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி. ஹெல்சிங்கி வழியாகப் போனால் குறையும் என்று ஒரு பழைய பதிவில் படித்தேன், போடலாமா?

வழிப்போக்கன்:
வேண்டாம். ஹெல்சிங்கி – டோக்கியோ முன்பு 9½ மணி நேரம், அந்தப் பதிவு அப்போது எழுதியதாக இருக்கும். ரஷ்யா மூடியதில் அதிகம் அடிவாங்கிய வழியே அதுதான், இப்போது 13 மணி நேரம் ஆகிறது. அப்பாவின் காலுக்காகப் பார்த்தால் துபாய் வழி யோசிக்கலாம்: லண்டன் – துபாய் சுமார் 7, அங்கிருந்து டோக்கியோ 10-க்குப் பக்கம். மொத்த நேரம் கூடும்தான், ஆனால் நடுவில் நன்றாக நடக்கலாம். நேரடி விமானம்தான் என்றால் நடைபாதை ஓர இருக்கை வாங்கிக்கொடுங்கள், அப்புறம் அழுத்தக் காலுறை போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.