கொழும்பிலிருந்து வயதான அப்பாவுடன் பயணம்: பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையில்) ஏறிக் கடக்கக்கூடிய துறை இன்னும் எங்கே உள்ளது?

வெள்ளவத்தை வாசகி:
எண்பது வயதைக் கடந்த என் அப்பா இளமையில் மூதூரில் ஆசிரியராக இருந்தவர். கிண்ணியாத் துறையில் வெயிலில் காத்து நின்றதையும், பேருந்தின் முன்சக்கரம் ஏறியதும் பாதை ஒருபக்கம் தாழ்ந்து மெல்ல நிமிர்ந்ததையும் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் வான் வண்டியில் திருகோணமலை, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பு வரை அவரை அழைத்துச் செல்கிறோம். ஆனால் 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. கங்கை, இறால்குழி, உப்பாறு, வெருகல் ஆகிய இடங்களிலும் இப்போது பாலங்களே உள்ளன. அவரை இன்னுமொரு முறை பாதையில் ஏற்ற விரும்புகிறேன். எங்கே செல்லலாம்?

தீவகத்தான்:
வடக்கே சங்குப்பிட்டியிலும் 2011 இல் பாலம் வந்துவிட்டது. எனினும், கடலையே கடக்க வேண்டுமென்றால் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான பாதையைத்தான் சொல்வேன். கடப்பதற்கு ஏறக்குறைய பத்து நிமிடங்களே ஆகும். ஆனால் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை நீரின் நடுவே தனித்து நிற்பதை அந்தப் பத்து நிமிடமும் பார்த்துக்கொண்டே செல்லலாம். வானைச் சாரதியுடன் பண்ணை, பொன்னாலை வழியாகச் சுற்றி அனுப்பிவிட்டு, நீங்கள் கையை வீசிக்கொண்டு ஏறுங்கள். அக்கரையில் வான் வந்து சேரும்வரை நிழலில் இருக்கலாம். புறப்படும் முன் அன்று சேவை நடக்கிறதா என்று ஊரவரிடம் கேட்பது அவசியம். பழுதுபார்ப்புக்காகப் பாதை நின்றிருந்த ஒரு நாளில், துறைவரை போய்விட்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்ப நேர்ந்தது எனக்கு. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் காலமென்றால் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

படுவான்கரை மகள்:
ஊர்காவற்றுறை அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அக்கா, உங்கள் அப்பா தேடுவது கடலையா, பாதையையா என்று எண்ணிப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து தெற்கே களுவாஞ்சிகுடிக்கு வந்து குருமண்வெளித் துறையில் இறங்கினால், வாவியைக் கடந்து மண்டூருக்குச் செல்லும் பாதை அவர் சொல்லும் அதே வகையைச் சேர்ந்தது. நான் கடைசியாகச் சென்றபோது ஒருவர் சைக்கிளில் இரண்டு நெல் மூட்டைகளைக் கட்டி ஏற்றினார். இரும்புத் தகடு கரையில் உரசி விழுந்த சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன. அக்கரையில் சின்னக்கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் கோயில் உள்ளது. அங்கே கதிர்காமத்தைப் போலவே பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். ஆட்கள் நெரிசலாக ஏறினால் அடுத்த தடவைக்குக் காத்திருங்கள். அப்பாவை ஓரத்தில் நிற்க விடாமல், உயிர்காப்பு அங்கி அணிவித்து நடுவில் இருத்துங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், "குருமண்வெளியா?" என்று கேட்டுவிட்டு, பழைய மூதூர் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, களுவாஞ்சிகுடியில் சந்திக்க வரச் சொல்லிவிட்டார். கிண்ணியாவில் பாலம் ஏறுமுன் வானை நிறுத்தி, பழைய துறை இருந்த இடத்தை அவரையே காட்டச் சொல்லப் போகிறேன்.