மழைக்காலத்தில் அழுகும் சதைப்பற்றுச் செடிகள்: கொழும்புத் தொடர்மாடியில் என்ன செய்யலாம்?

கேள்வி – வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வசிக்கிறோம். பல்கனி மேற்கே கடலைப் பார்த்தது. ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவில் வாங்கிய சில எச்சவேரியாக்களையும் ஒரு ஹாவோர்த்தியாவையும் ஒரு ஜேட் செடியையும் கடையில் தந்த பிளாஸ்டிக் சாடிகளிலேயே வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தண்ணீர் விட்டு வருகிறேன். மே மாதத்தில் மழை பிடித்ததிலிருந்து எச்சவேரியாக்களின் அடியிலைகள் கண்ணாடிபோல ஊடுதெரியத் தொடங்கி, விரல் பட்டதும் கழன்று விழுகின்றன. ஒன்றில் மேற்பகுதி பச்சையாகவே இருக்க, அடித்தண்டு மாத்திரம் கறுத்துவிட்டது. மற்றவை வெளிறி, கழுத்து நீண்டு, பூப்போன்ற வடிவம் குலைந்து நிற்கின்றன. தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டுமா, அல்லது இவை கொழும்புக்கே ஒத்துவராத செடிகளா? சாடிகளின் கீழ்த் தட்டுகளில் நுளம்பு பெருகும் என்று மாமி கவலைப்படுவதால், அதற்கும் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – தெஹிவளை

சகோதரி, நீங்கள் விவரித்த அடையாளங்கள் வேரழுகலுக்கே உரியவை. ஆனால் "வாரம் ஒரு தடவை" என்ற கணக்கில் மட்டும் காரணத்தைத் தேட வேண்டாம். இச்செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமிப்பவை. எச்சவேரியாவின் பெரும்பாலான இனங்கள் மெக்சிக்கோவின் மலைநாட்டிலிருந்து வந்தவை. பகலில் வெயிலும் இரவில் குளிரும் என்ற மாற்றத்துக்குப் பழகியவை. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அந்தக் குளிர்ந்த இரவு அவற்றுக்குக் கிடைக்கிறது. கொழும்பிலோ நள்ளிரவிலும் 25 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும், ஈரம் நிறைந்த காற்றும் இருப்பதால், இரவில் திறக்கும் அந்த இலைத்துளைகள் வழியே செடி தண்ணீரை மெதுவாகவே செலவிடுகிறது, மண்ணும் மெதுவாகவே உலர்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கடைச் சாடிக்குள் இருக்கக்கூடும். நாற்றுமேடைகளில் பெரும்பாலும் தும்புத்தூளிலேயே நடுகிறார்கள். பாரம் குறைவு, ஏற்றி இறக்க வசதி, மலைநாட்டுக் காற்றுக்கு அது பாதகமும் இல்லை. இங்கே அதே தும்புத்தூள், மேலே தொட்டால் காய்ந்த சருகுபோல இருந்தாலும், உள்ளே நாட்கணக்காக நனைந்தபடியே கிடக்கும். ஓர் ஈர்க்கைச் சாடியின் அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். ஈர்க்கு கறுத்து ஈரமாக வந்தாலோ, தூள் அதில் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, தண்ணீர் விடும் நாள் இன்னும் வரவில்லை. நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் விடும் வழக்கத்தை விட்டுவிட்டு, இந்த ஈர்க்கையே நம்புங்கள்; யூலையில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தண்ணீர் கேட்காத செடி, பெப்ரவரியில் பத்து நாட்களில் கேட்கும்.

அடித்தண்டு கறுத்த செடியை இன்றைக்கே காப்பாற்ற வேண்டும். கூரான, சுத்தமான கத்தியால் கறுப்புக்கு மேலே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் மண்ணிறப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் சற்று மேலே வெட்டுங்கள். முகம் முழுவதும் வெளிர் பச்சையாக வரும்வரை நிறுத்த வேண்டாம், ஏனென்றால் ஒரு புள்ளி மிஞ்சினாலும் அழுகல் மறுபடி ஏறிவிடும். பிறகு ஒரு வாரமாவது நிழலில், காற்றுப் படும்படி, மண்ணில் வைக்காமலே காய விடுங்கள். கறுவாத்தூள் தடவுவதைப் பலரும் சொல்வார்கள். தடவினாலும் குற்றமில்லை, ஆனால் காப்பது அப்படிக் காய விடுவதுதான்.

புதிய கலவைக்கு, கழுவிச் சலித்த பருமனான ஆற்று மணல், சுண்டுவிரல் நக அளவுக்கு உடைத்த ஓட்டுத்துண்டு, சிரட்டைக்கரி ஆகியவை சேர்ந்து மூன்று பங்கு, கூட்டெரு ஒரு பங்கு போதும். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் உப்புக் காரணமாக அதைத் தொட வேண்டாம். சாடி, மெருகிடாத சுட்டமண் சாடியாக இருந்தால் பக்கச் சுவர்களாலும் ஈரம் வெளியேறும்.

பதில் – கொட்டாஞ்சேனை

மேலே கூறியவை அனைத்தும் சரியானவை. கழுத்து நீளுவதைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். அது ஒளிக் குறைவின் விளைவு. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றில், உங்கள் மேற்குப் பல்கனி சாரலை நேராக வாங்குகிறது, அதே வேளையில் முகில் மூடுவதால் பிற்பகல் வெயிலையும் இழக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்புக்கு உச்சம் கொடுக்கும் சூரியன், செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடி உச்சம் கொடுக்கும்வரை, நண்பகலில் நமக்கு வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. ஆகவே சமையலறைப் பக்கமோ படுக்கையறைப் பக்கமோ வடக்கு நோக்கிய யன்னல் ஒன்று இருந்தால், இந்த மாதங்களில் அதுவே சாரலும் படாத, ஒளியும் கிடைக்கும் இடம். செப்டெம்பருக்குப் பின் பல்கனிக்குத் திரும்பக் கொண்டுவரும்போது ஒரே நாளில் முழு வெயிலில் வைக்காமல், நாளுக்குக் கொஞ்சமாகப் பழக்குங்கள். இல்லையென்றால் இலையில் விழும் வெயில் சுட்ட வடு கடைசிவரை மாறாது.

இன்னொன்று. எச்சவேரியா இலையின் மேல் படிந்திருக்கும் வெண்சாம்பல் தூசு அழுக்கல்ல. வெயிலிலிருந்து இலையைக் காக்கும் மெழுகுப் படலம் அது. ஒருமுறை விரலால் தேய்த்தால் ரேகை பதிந்த இடம் அப்படியே நின்றுவிடும். அதனால் சாடியைத் தூக்கும்போது இலையைப் பிடிக்காமல் சாடியின் விளிம்பைப் பிடியுங்கள்.

கேட்டவர் – வெள்ளவத்தை

இருவருக்கும் மிக்க நன்றி. ஈர்க்கை உடனே குத்திப் பார்த்தேன். மேலே பொடியாக உதிர்ந்த தும்புத்தூள், அடியில் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. கறுத்த செடியை வெட்டிக் காய வைத்துள்ளேன். ஹாவோர்த்தியாவும் ஜேட்டும் உறுதியாகவே இருக்கின்றன. மழை முடிந்ததும் பல்கனிக்கு எதை வாங்கினால் நிலைக்கும் என்றும் சொல்லுங்கள்.

பதில் – பம்பலப்பிட்டி

ஹாவோர்த்தியா தன் தென்னாபிரிக்க ஊரில் பற்றைகளின் நிழலில் வளர்வது. அதை வீட்டுக்குள் வெளிச்சமான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜேட்டையும் சாரல் படாமல் வைத்தால் போதும். பல்கனிக்கு என்றால், மலைநாட்டுச் செடிகளைவிட வெப்பத்தில் பிறந்தவற்றையே நான் பரிந்துரைப்பேன். இலங்கையிலேயே இயற்கையாக வளரும் மருளும், வெளியிலிருந்து வந்த கற்றாழை, அடேனியம் ஆகியவையும் சூடான இரவைப் பொறுக்கும். அடேனியத்தின் பருத்த அடி மட்டும் மழையில் நின்றால் அழுகிவிடும். மே மாதத்திலேயே கூரைக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் சதுரக்கள்ளியும், கிறிஸ்துவின் முட்கிரீடம் எனப்படும் செடியும் வேண்டாம். அவற்றின் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். காய்ந்த மாதங்களில் கடற்காற்று இலைகளில் உப்பைப் படிய வைக்கும் என்பதால், தண்ணீர் விடும் நாளில் காலையிலேயே இலைகளையும் குழாய்நீரால் கழுவிவிடுங்கள். இலையடுக்குகளுக்குள் தேங்கும் நீரை ஊதியாவது வெளியேற்றுங்கள்.

மாமியின் கவலை முற்றிலும் நியாயமானது. 2017 இல் நாட்டில் 1,86,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு தொற்றியதாகப் பதிவானது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றமும் ஆகும். சதைப்பற்றுச் செடிக்குக் கீழ்த்தட்டே தேவையில்லை. தட்டை அகற்றிவிட்டு, சாடியை இரண்டு ஓட்டுத்துண்டுகளின் மேல் உயர்த்தி வையுங்கள். அடித்துளை அடைபடாது, காற்றும் புகும். தண்ணீர் விடும் நாளில் மட்டும் குளியலறைக்குக் கொண்டுபோய் விட்டு, நன்றாக வடிந்தபின் திருப்பி வைத்தால், கீழ்மாடி வீட்டுக்காரரின் உடுப்புக் கொடியிலும் மண்நீர் சொட்டாது.